காலரைப் பார்த்துப் பேசியவர்

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று ஆசிரியர் அறையில் என்னிடம் முதலில் பேசியவர் சயன்ஸ் டீச்சர்தான். பெயரைக் கேட்கவில்லை. ஊரைக் கேட்கவில்லை. என் கழுத்துப் பக்கம் எதையோ தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டு, "என்ன சப்ஜெக்ட்?" என்றார்.

"கணக்கு."

"சரி கணக்கு, உங்க வீட்டுல யாராவது மிலிட்டரில டாக்டரா இருந்திருக்காங்களா?"

அப்பா ஸ்ரீரங்கத்தில் சமஸ்கிருத வாத்தியார். தீபாவளிக்குக்கூட வெடிச் சத்தம் கேட்டால் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறவர். இல்லை என்றேன்.

"சித்தப்பா, பெரியப்பா?"

"இல்லீங்க."

"பக்கத்து வீடு?"

நான் விழித்தேன். "அவசரமில்லை, யோசிச்சுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். மீன் வறுவல். நான் ஸ்ரீரங்கத்துப் பெண் என்பது அதற்குள் எப்படியோ தெரிந்திருக்கிறது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய், எனக்கு முதுகைக் காட்டியபடி சாப்பிட்டார். கேள்வி கேட்பதில் கூச்சமே கிடையாது. மற்றதில் எல்லாம் அவ்வளவு நாசூக்கு.

அன்றிலிருந்து நான் அவருக்குக் 'கணக்கு'. மற்றவர்கள் ஹிஸ்டரி, தமிழ், தையல். திருச்சியில் புத்தூர் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம் அது. ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் பிறந்த சமயம். அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணமாகவில்லை. நல்ல உயரம், ஒடிசல், வெள்ளை வாயில் புடவை, ஆண்கள் கட்டுகிற கைக்கடிகாரம், வெயிலுக்கும் மழைக்கும் ஒரே கறுப்புக் குடை. யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார். காலரைப் பார்த்துத்தான் பேசுவார். கடைக்காரர்கள் அவரைக் கண்டதும் மேல் பட்டனைப் போட்டுக்கொள்வார்கள். ஒரு தடவை ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரி ஒருவர் கேட்ட கேள்விக்கெல்லாம் டீச்சர் அவர் கழுத்தையே பார்த்துப் பதில் சொல்ல, சட்னி ஏதும் சிந்திவிட்டதோ என்று அந்த மனுஷர் கடைசிவரை கர்சீப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எல்லாம் அந்தச் சேகரிப்பால் வந்த பழக்கம். பழைய காலத்து ராணுவ டாக்டர்களின் உடுப்பில் இருந்த சின்னங்களை டீச்சர் சேர்த்துக்கொண்டிருந்தார். சேனாதிபதி, பீரங்கிக்காரர், குதிரைப்படை ஆள் யாரும் வேண்டாம், டாக்டர்கள் மட்டும். தொப்பியில் குத்துவது, காலரில் குத்துவது, தோளில் வைக்கிற பித்தளை எழுத்துகள், பட்டன்கள். புத்தூரில் அவர் குடியிருந்த வீட்டில், பழைய பிஸ்கட் டின் ஒன்றில் கிழிந்த வெல்வெட் ரவிக்கையை விரித்து வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். எழுத்துகளை விட்டால் மற்ற எல்லாவற்றிலும் ஒரே படம்தான்: ஒரு குச்சி, அதைச் சுற்றிக்கொண்டு ஒரு பாம்பு, சுற்றிலும் இலை வளையம், மேலே கிரீடம்.

"கிரீடத்தைப் பாரு. உச்சில நடுவுல பள்ளமா இருந்தா ராணி காலம். உருண்டையா இருந்தா ராஜா காலம். கிரீடத்துக்குப் பதிலா சிங்கம் இருந்தா நம்ம காலம்" என்பார். எனக்கு எல்லாம் ஒரே பாம்பாகத்தான் தெரியும்.

எதற்காக இதைச் சேர்க்கிறார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தார். எங்கள் தலைமையாசிரியை மதரிடம், தன் தாத்தா பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்று. தமிழ் டீச்சரிடம், குழந்தைகளுக்குப் பாடம் நடத்த என்று. என்னிடம், "பாம்பு அழகா இருக்கு, அதான்" என்று. அவருக்கு டாக்டருக்குப் படிக்க ஆசை இருந்ததென்றும் வீட்டில் விடவில்லையென்றும் தையல் டீச்சர் ஒரு தடவை சொன்னாள். நான் அதை அவரிடம் கேட்கவில்லை. கேட்பது அவருடைய வேலை, என்னுடையது இல்லை.

அவர் கேட்காத ஆள் கிடையாது. ரயில்வே காலனியில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போக மூட்டை கட்டுகிறது என்று கேள்விப்பட்டு, முன்பின் தெரியாத அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். உங்கள் வீட்டில் யாராவது ராணுவ டாக்டரா என்று கேட்டார். அந்த அம்மாளின் மாமனார் அப்படித்தானாம். தோளில் வைக்கிற பித்தளை எழுத்துகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு கிளிக்கூண்டையும் கொடுத்தாள், கிளியோடு. கப்பலில் ஏற்ற முடியாதாம். டீச்சர் ஒரு கையில் குடை, ஒரு கையில் கூண்டு என்று பஸ் ஏறி வந்தார்.

"கிளியை எதுக்கு வாங்கிட்டு வந்தீங்க?"

"கேட்டு வாங்கறவ, குடுக்கறதை வேண்டாங்கக் கூடாது கணக்கு. மரியாதை இல்ல."

அந்தக் கிளிக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'ஷட் அப்'. டீச்சர் அதற்குத் தமிழ் கற்றுக்கொடுக்க எவ்வளவோ பார்த்தார். 'தோத்திரம்' சொல்லு என்பார். அது 'ஷட் அப்' என்னும்.

இப்படி எல்லாரிடமும் கேட்கிறீர்களே, யாராவது முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். "கேட்டா என்ன? இல்லேம்பாங்க. திரும்பி வந்துடறேன். என் செருப்பு என் கால்லதானே இருக்கு?" என்றார்.

இல்லை என்று சொன்னவர்களில் எங்கள் தெரு மாமி ஒருத்தி. டீச்சர் முதல் நாள் 'யோசிச்சுச் சொல்லு' என்றது என் தலையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு நாள் ஞாபகம் வந்தது: நாலு வீடு தள்ளியிருக்கிற மாமியின் மாமனார் முதல் யுத்தத்தில் பஸ்ராவுக்கோ எங்கோ போன டாக்டர். சொன்னதுதான் தாமதம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஸ்ரீரங்கத்தில் இறங்கிவிட்டார்.

மாமி எங்களைப் பூஜை அலமாரிக்கு முன்னால் அழைத்துக்கொண்டு போய் நிறுத்தினாள். சாளக்கிராமத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் குங்குமம் வைத்து, துளசி சாத்தி, டீச்சர் தேடி வந்த தொப்பிச் சின்னம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"எங்க மாமனார் பெட்டியில இருந்தது. ஆதிசேஷன் இல்லையோ? பெருமாளே சயனிச்சுண்டிருக்கார் அவர் மேல. பெட்டிக்குள்ள போட்டு வெக்கலாமோ? அதான் பெருமாள் பக்கத்துல ஏளப் பண்ணிட்டேன்" என்றாள்.

டீச்சர் குனிந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கிரீடம் கரைந்து வெறும் குமிழாகியிருந்தது. இலைகள் போன இடம் தெரியவில்லை. பாம்பு மண்புழுவாகியிருந்தது. டீச்சரின் முகம் போன போக்கைப் பார்த்து, அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"இதை எனக்குக் குடுப்பீங்களா மாமி?"

"பகவானை எப்படிம்மா தூக்கிக் குடுக்கறது?"

"சரிங்க. குடுக்க வேண்டாம். ஆனா இனிமே புளி மட்டும் போடாதீங்க. ஈரத் துணியால ஒத்தி எடுத்தாப் போதும். பாருங்க, ஆதிசேஷனுக்குக் கண்ணே போயிடுச்சு."

மாமி பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அக்காரவடிசில் சாப்பிடாமல் எங்களை விடவில்லை. டீச்சர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்கு மாமி இல்லை என்று சொல்லவில்லை.

அதே ஸ்ரீரங்கத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

என் பெரியப்பா பிள்ளைக்குக் கல்யாணம். டீச்சர் வழக்கம்போலத் தானே, "என்னையும் கூப்பிடுவியா?" என்று கேட்டு அழைப்பை வாங்கிக்கொண்டார். முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளை கோட்டு சூட்டில் திறந்த காரில் உட்கார்ந்திருக்க, இரண்டு பக்கமும் காஸ் விளக்கு, முன்னால் பேண்டு செட், சித்திரை வீதியில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. பேண்டுக்காரர்கள் போட்டிருந்ததெல்லாம் எங்கோ ஏலத்தில் எடுத்த பழைய பட்டாளத்துக் கோட்டுகள். ஒருத்தர் கோட்டுக்கும் இன்னொருத்தர் கோட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ட்ரம் அடிக்கிறவருக்குக் கை நீளம், ட்ரம்பெட்காரருக்குப் பட்டன் எட்டவில்லை. கிளாரினெட் வாசிக்கிறவர் மட்டும் நல்ல கருநீலக் கோட்டு, கருஞ்சிவப்புக் காலர், கச்சிதமாக இருந்தார்.

என் பக்கத்தில் நடந்து வந்த டீச்சரைக் காணோம். பார்த்தால், கிளாரினெட்காரரோடு தோளுக்குத் தோள் நடந்துகொண்டிருக்கிறார், கழுத்தைச் சாய்த்து அவர் காலரையே பார்த்தபடி. அந்த ஆளுக்கு வாசிப்பு தடுமாறியது. வாயில் வாத்தியம், பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, பாவம் என்ன செய்வார்?

"நில்லுங்க" என்றார் டீச்சர்.

அவர் நின்றுவிட்டார். பள்ளிக்கூட வாத்தியாரம்மா குரல் அல்லவா?

"பாம்பு ரெண்டும் கோவிச்சுக்கிட்டு நிக்குதுங்க."

அவர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார். "என்னங்கம்மா?"

"காலர்ல. இடதுல குத்த வேண்டியதை வலதுல குத்தியிருக்கீங்க. ஒண்ணை ஒண்ணு பார்க்கணும். இப்போ முதுகைக் காட்டிட்டு நிக்குது. இதைப் பிடிங்க, அசையாதீங்க."

குடையை அவர் கையில் திணித்தார். ஒரு கையில் கிளாரினெட், ஒரு கையில் குடை, அவர் மோவாயைத் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி நின்றார். டீச்சர் அவர் காலரைப் பிடித்து, இரண்டு சின்னங்களையும் கழற்றி, இடம் மாற்றிக் குத்தத் தொடங்கினார். பின்னால் சின்ன ஊசி வளையம், சுலபத்தில் வரவில்லை. காஸ் விளக்கு தூக்கி வந்தவர் நல்ல மனுஷர், இவர்களுக்காக நின்று வெளிச்சம் காட்டினார். கார் போய்விட்டது. ட்ரம் மட்டும் தனியாக முழங்கிக்கொண்டு தூரத்தில் போனது. பாட்டைக் காணோமே என்று மாப்பிள்ளை காரில் எழுந்து திரும்பிப் பார்த்தான். வீதியில் இருந்த எல்லாரும் இங்கே பார்த்தார்கள்.

"ராணி காலத்துப் பாம்புங்க. ஜோடியா, அதுவும் கோட்டோட நான் பார்த்ததே இல்ல" என்றார் டீச்சர், மூச்சு வாங்க. "எனக்குக் குடுப்பீங்களா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"இந்தக் கோட்டைப் போட்டதுலேருந்து செட்டுல எல்லாரும் என்னை டாக்டர்னுதான் கூப்பிடறாங்க. கழட்டினா பழைய பேரு வந்துடும்."

"பழைய பேரு என்ன?"

"அதைச் சொல்லமாட்டேங்க."

டீச்சர் நடுவீதியில் வாய்விட்டுச் சிரித்தார். அவர் குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரைப் பிடிக்க ஓடினார், ஓடிக்கொண்டே வாசித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்க டீச்சர் பேண்டுக்காரன் கழுத்தை என்னத்துக்குடி பிடிச்சா?"

"பாம்பைத் திருப்பி வெச்சாம்மா."

விளக்கிச் சொல்வதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மறுநாள் முகூர்த்தத்துக்கு முன்பே ஸ்ரீரங்கம் முழுக்கச் செய்தி: ஜானவாசத்தில் பேண்டுக்காரன் கழுத்தில் பாம்பு ஏறிவிட்டதாம், கான்வென்ட் டீச்சர் வெறுங்கையால் பிடித்து எடுத்தாளாம்! இரண்டு நாள் கழித்து ஒரு மாமி என்னிடம், அது நல்லதா சாரையா என்று கேட்டாள். ஆனால் அதே செய்தி காவேரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குப் போனபோது வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. அதில் பாம்பு இல்லை. கழுத்து மட்டும் இருந்தது.

அந்தக் கிளாரினெட்காரர் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்த்தார். பாலக்கரைப் பக்கம் வீடு. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், கல்யாணமாகவில்லை, டீச்சரைப் போலவே வேதக்காரர், கிறிஸ்தவர். சீசனில் மட்டும் பேண்டு செட்டில் வாசிப்பார். இதெல்லாம் டீச்சர் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்த சீசன் முழுக்க அவர் எந்தக் கல்யாணத்தில் வாசித்தாலும் டீச்சர் அங்கே இருந்தார். துணைக்கு நான். செட்டியார் வீட்டுக் கல்யாணம், பிள்ளை வீட்டுக் கல்யாணம், உறையூரில் ஒரு நெசவுக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று அழைப்பில்லாமல் நாங்கள் நுழையாத பந்தலில்லை. ஒவ்வொரு இடத்திலும் வாசிப்பு ஓய்ந்ததும் டீச்சர் போய்க் கேட்பார்: "இன்னிக்காவது குடுப்பீங்களா?" அவர், "இல்லீங்க டீச்சர்" என்பார். பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள். பிறகு அரை மணி நேரம் பேசுவார்கள். நான் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

ஒரு பந்தலில் பெரியவர் ஒருத்தர் எங்களை வழிமறித்து, "நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடாம்மா?" என்று கேட்டார். நான் டீச்சர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். டீச்சர் அவர் காலரைப் பார்த்து அமைதியாக, "பேண்டு வீடுங்க" என்றார். அவரும் தலையை ஆட்டி, பந்திக்குப் போகச் சொன்னார்.

இது எத்தனை நாளைக்கு நடக்கும்? மதருக்குப் புகார் போய்விட்டது. ஒரு பெற்றோர் நேரில் வந்தே சொல்லியிருக்கிறார். பாடம் நடத்துகிறவர் பேண்டுக்காரன் பின்னால் தெருத் தெருவாகச் சுற்றினால் எங்கள் பெண்ணை எப்படி அனுப்புவது என்று. மதர் டீச்சரைக் கூப்பிட்டார். கூட நடந்த குற்றத்துக்காக என்னையும்.

மதர் கண்டிப்பானவர். குரலை உயர்த்தாமலே பேசுவார், அதுதான் பயம். டீச்சர் கையோடு கொண்டுவந்திருந்த பிஸ்கட் டின்னை மேஜையில் வைத்துத் திறந்தார். மதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு சின்னத்தை விரலால் தொட்டார்.

"எங்க அண்ணன்கிட்ட இந்த மாதிரி ஒண்ணு இருந்தது. பர்மா யுத்தத்துல டாக்டரா இருந்தான்" என்றார்.

நான் மனசுக்குள் ஸ்ரீரங்கம் முதல் திருவேங்கடம் வரைக்கும் எல்லாப் பெருமாளையும் கும்பிட்டேன், டீச்சர் வாயைத் திறக்கக் கூடாது என்று.

"இப்ப அது யார்கிட்ட இருக்கு மதர்? கேட்டா குடுப்பாங்களா?"

மதர் கண்ணாடியைக் கழற்றினார். டின்னை மூடி டீச்சர் பக்கம் தள்ளினார். பிறகு, "நீங்க கெட்டவங்க இல்லேன்னு எனக்குத் தெரியும். ஆனா இன்னொரு புகார் வந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது. வேலையா, பேண்டா? பார்த்துக்கங்க" என்றார்.

அந்த வேலையை விட்டால் டீச்சருக்கு வேறு போக்கிடமில்லை. அப்பா அம்மா போய்விட்டார்கள். திண்டுக்கல்லில் ஒரு அண்ணன், அவருக்கும் பெரிய குடும்பம். டீச்சர் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினார்.

மாசி போயிற்று. பங்குனியும் போயிற்று. டீச்சர் எதுவும் கேட்பதில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. ஆசிரியர் அறைக்குப் புதிதாக ஒரு ஜியாக்ரஃபி டீச்சர் வந்தாள், அவள் அப்பா ராணுவத்தில் டாக்டர் என்று அவளே சொன்னாள். டீச்சர், "அப்படியா?" என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தினார்.

"டீச்சர், அந்த ஜோடியை நினைச்சிட்டிருக்கீங்களா? காலர் பேட்ஜ்?" என்று கேட்டேன்.

"எந்த பேட்ஜ்?" என்றார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரீட்சைத் தாள் திருத்த அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பெரிய பொட்டலம். டீச்சர் எழுந்து போனார்.

"யாருங்க வேணும்?"

"நாந்தாங்க டீச்சர்."

டீச்சர் அவர் காலரைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. "நாந்தான்னா?"

"கிளாரினெட்டுங்க."

ஒரு சீசன் முழுக்க அவரோடு பேசிச் சிரித்தவர் அவர் முகத்தை இப்போதுதான் பார்க்கிறார். மெதுவாகக் கண்ணை உயர்த்தி, அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கச் சுமாரான முகம்தான். கன்னத்தில் வாசித்து வாசித்து விழுந்த இரண்டு குழி. ஆனால் டீச்சர் பார்த்த விதத்தில் நான் தாளைத் திருத்துவதாகப் பாவனை செய்ய வேண்டியதாயிற்று.

"என்னால உங்களுக்கு வேலையில கஷ்டம்னு கேள்விப்பட்டேன்" என்றார் அவர். "கோட்டைக் கொண்டாந்திருக்கேன்."

"பேட்ஜைக் குடுக்க வந்தீங்களா?"

"பேட்ஜை மட்டும் தனியாத் தர முடியாதுங்க. கோட்டோடதான்."

"சரி, கோட்டோட குடுங்க."

"கோட்டையும் தனியாத் தர முடியாதுங்களே..." என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். வேர்த்துக் கொட்டியது. பொட்டலத்தை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார். 

"ஷட் அப்" என்றது கிளி.

அவர் நடுங்கிப்போனார். டீச்சர் சிரிக்கவில்லை. "பாதில நிறுத்தாதீங்க. என்ன கேக்க வந்தீங்களோ முழுசாக் கேளுங்க. நான் உங்களை எத்தனை தடவை கேட்டிருக்கேன்? ஒரு தடவையாவது முழுங்கினேனா?"

அவர் கேட்டார். முழுசாக, நாலு வார்த்தையில். நான் அந்த வார்த்தைகளை எழுதப் போவதில்லை. அவை அவர்களுடையவை. டீச்சர், "உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றார். பதில் அதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது அந்த மனுஷருக்குத் தெரிய இன்னும் ஒரு டம்ளர் மோர் குடிக்க வேண்டியிருந்தது.

திண்டுக்கல் அண்ணன் அடுத்த வாரமே வந்து குதித்தார். என் முன்னிலையிலேயே குதித்தார்.

"பேண்டுக்காரனா? நம்ம குடும்பத்துலயா?"

"அண்ணே, உங்க கல்யாணத்துக்குப் பேண்டு வெச்சீங்களா இல்லியா?"

"வெச்சேன். அதுக்கு?"

"உங்களுக்குப் பிடிச்சுதா?"

"பிடிச்சுது. அதுக்கென்ன இப்ப?"

"எனக்கும் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் மாப்பிள்ளையைப் பார்க்கப் பாலக்கரைக்குப் போனார். என்ன பேசினார்களோ தெரியாது, திரும்பி வரும்போது ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டு வந்தார்.

மதரிடமும் டீச்சரே போய்ச் சொன்னார். "மதர், இனிமே நான் பேண்டு பின்னாடி போகமாட்டேன். பேண்டு என்னைத் தேடி வீட்டுக்கு வந்துடும்." மதர் சிரித்ததை நான் அன்று ஒரு நாள்தான் பார்த்தேன். சாயங்காலமே தன் அண்ணனுக்கு எழுதி, அந்தச் சின்னத்தை வரவழைத்துக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். கேட்டு மறந்துபோன பிறகு கிடைத்தது அது ஒன்றுதான் என்று டீச்சர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் பாலக்கரை மாதா கோயிலில் நடந்தது. பேண்டு செட் முழுவதும் வந்திருந்தது. கிளாரினெட்டுக்கு வேறொரு ஆளைப் போட்டிருந்தார்கள். அவன் ஒரு இடத்தில் சுருதி தப்ப, பீடத்துக்குப் போய்க்கொண்டிருந்த மாப்பிள்ளை திரும்பி அவனைப் பார்க்க, டீச்சர் அவர் கையைப் பிடித்து இழுத்து முன்னால் திருப்பினார். எங்கள் தெரு மாமி கோயிலுக்குள் வரமாட்டேன் என்று வாசலில் குடை பிடித்துக்கொண்டு நின்று, வெளியே வந்த மணமக்களுக்கு ஒரு சம்புடம் அக்காரவடிசில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த வருஷம் எனக்கும் கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விட்டுவிட்டு வடக்கே போவதாக இருந்தது. சொல்லிக்கொள்ளப் பாலக்கரை வீட்டுக்குப் போனேன். டீச்சர் சமையல் உள்ளில் இருந்தார். வீட்டுக்காரர் உள்ளறையில் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரில் ஆணியில் கருநீலக் கோட்டு தொங்கியது. காலரில் இரண்டு பாம்பும் அப்படியே இருந்தன, ஒன்றையொன்று பார்த்தபடி.

"என்ன டீச்சர், இன்னும் டின்னுக்குள்ள சேர்க்கலையா?"

"எங்கே? கேட்டேன். தரமாட்டேன்னுட்டார்."

"இப்பவுமா?"

"இப்பவும்தான். தினம் காலையில எழுந்ததும் கேக்கறேன். தினம் இல்லேங்கறார்."

நான் உள்ளறைப் பக்கம் திரும்பி, "ஏங்க, பாவம், குடுத்துடக் கூடாதா?" என்றேன்.

"குடுத்துடலாம்ங்க" என்றார் அவர், வாத்தியத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல். "நாளைக்குக் காலையில எழுந்து அவங்க என்கிட்ட என்ன கேப்பாங்க?"